வீடு திரும்பிய நாயகன்
நடிகர் கேரி கூப்பரின் வாழ்க்கை

1961ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 17ஆந் திகதி இரவு. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள சாந்தா மொனிக்கா நகரில் ஒஸ்கார் விருது விழா நடந்துகொண்டிருந்தது. திரைப்பட உலகுக்கு ஆற்றிய நீண்டகாலப் பணிக்காக நடிகர் கேரி கூப்பருக்குச் சிறப்பு விருது அறிவிக்கப்பட்டது. ஆனால் மேடைக்கு வந்தவர் கூப்பர் அல்லர். அவருடைய உற்ற நண்பரும் புகழ்பெற்ற நடிகருமான ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டே வந்தார். நண்பரின் சார்பில் விருதைப் பெற்றுக்கொண்டு பேசத் தொடங்கிய அவருக்குக் குரல் தழுதழுத்தது, கண்கள் கலங்கின. கூப்பரின் உடல்நிலை பற்றிப் பெரும்பாலானோருக்கு அதுவரை ஒன்றும் தெரியாது. ஸ்டூவர்ட்டின் கண்ணீரே உண்மையை வெளிப்படுத்திவிட்டது. திரையில் எத்தனையோ துப்பாக்கிகளுக்கு முன்னால் கலங்காமல் நின்ற அந்த உயர்ந்த மனிதர் புற்றுநோயால் இறந்துகொண்டிருக்கிறார் என்ற செய்தி மறுநாள் உலகப் பத்திரிகைகளில் வெளிவந்தது.

இருபத்தாறு நாட்களின் பின்னர் அவர் மறைந்தார். அவருடைய படங்களைப் பற்றி எழுதியவர்கள் பலர். புகழின் உச்சியிலே வழி தவறி, குடும்பத்தைப் பிரிந்து, பின்னர் அதே குடும்பத்துக்கும் திருச்சபைக்கும் வந்து சேர்ந்த அவருடைய வாழ்க்கைக் கதையோ படங்களைவிட நம் கவனத்துக்குரியது.

மலைநாட்டுச் சிறுவன்

கேரி கூப்பரின் இயற்பெயர் பிராங்க் ஜேம்ஸ் கூப்பர். 1901ஆம் ஆண்டு மே மாதம் 7ஆந் திகதி ஐக்கிய அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்திலே ஹெலெனா என்னும் ஊரிற் பிறந்தார். பெற்றோர் இருவரும் இங்கிலாந்திலிருந்து குடியேறியவர்கள். தந்தை சார்ள்ஸ் கூப்பர் சட்டம் பயின்று, பிற்காலத்தில் மொன்டானா உயர் நீதிமன்றத்தின் நீதியரசர்களுள் ஒருவரானவர். நகரத்தில் வீடும் கிராமப்புறத்தில் 600 ஏக்கர் பண்ணையும் அவர்களுக்கு இருந்தன. அந்தப் பண்ணையிலேதான் பிராங்கும் தமையன் ஆதரும் குதிரையேறவும் மீன் பிடிக்கவும் வேட்டையாடவும் கற்றுக்கொண்டார்கள்.

மக்கள் காட்டுப்பிள்ளைகளாக வளர்ந்துவிடுவார்களோ என்று தாயார் அலிஸ் அம்மையாருக்குக் கவலை. ஆகவே இருவரையும் இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்று, டன்ஸ்டபிள் என்னும் ஊரிலுள்ள பாடசாலையிற் சேர்த்தார். அங்கிருந்த காலத்தில், 1911இல், தந்தையின் சொந்த ஊர்க் கோவிலிலே பிராங்க் அங்கிலிக்கன் முறைப்படி ஞானஸ்நானம் பெற்றார். 1912இல் தாயும் மக்களும் மொன்டானாவுக்குத் திரும்பினர்.

பதினைந்தாவது வயதளவில் ஒரு மோட்டார் வண்டி விபத்தில் அவருடைய இடுப்பு அடிபட்டது. குதிரைச் சவாரி செய்தால் குணமாகும் என்று வைத்தியர் சொன்னார். இக்கால வைத்தியர்கள் இதை ஒப்புக்கொள்ளமாட்டார்கள். அந்த ஆலோசனையினால் அவருடைய நடையில் ஒருவித விறைப்பும், குதிரையில் இருக்கும்போது உடலைச் சற்றே சாய்த்து வைத்துக்கொள்ளும் பாங்கும் ஆயுள் முழுவதும் நிலைத்துவிட்டன. பிற்காலத்தில் கோடிக்கணக்கான இரசிகர்கள் வியந்து பார்த்த அந்தச் சவாரி உண்மையில் ஒரு நோவின் அடையாளமே.

ஐந்து டொலர் கூலி

இளைஞர் கூப்பருக்கு நடிகராகும் எண்ணம் சிறிதும் இருக்கவில்லை. ஓவியராக வேண்டும், பத்திரிகைகளுக்குக் கேலிச்சித்திரம் வரைய வேண்டும் என்பதே அவருடைய ஆசை. அயோவா மாநிலத்திலுள்ள கிரின்னல் கல்லூரியில் ஓவியம் பயின்றார். 1924இல் பெற்றோர் லொஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குக் குடிபெயர்ந்தபோது அவரும் சென்று அவர்களோடு சேர்ந்தார். சித்திரங்களை வாங்க ஆளில்லை. வீடு வீடாகச் சென்று பொருள் விற்றுப் பார்த்தார், அதுவும் சரிவரவில்லை.

அவ்வேளை மொன்டானாவைச் சேர்ந்த பழைய நண்பர்களைத் தெருவிலே சந்தித்தார். படங்களில் குதிரையோட்டிகளாக வேலை செய்த அவர்கள் இவரையும் அழைத்துச் சென்றார்கள். கூட்டத்தில் ஒருவராகக் குதிரையோட நாளொன்றுக்கு 5 டொலர். குதிரையிலிருந்து விழுந்து காட்டினால் அதைப்போல் இரு மடங்கு. பழுதுபட்ட இடுப்போடு பல தடவை விழுந்தெழும்பினார். பிராங்க் கூப்பர் என்ற பெயரில் வேறு நடிகர்களும் இருந்ததால் பெயரை மாற்றவேண்டி வந்தது. நடிகர்களுக்கு வாய்ப்புத் தேடிக்கொடுக்கும் நான் கொலின்ஸ் என்ற அம்மையார், தம் சொந்த ஊராகிய கேரியின் பெயரையே அவருக்குச் சூட்டினார். இந்தியானா மாநிலத்தின் ஓர் உருக்குத் தொழிற்சாலை நகரின் பெயர் இப்படித்தான் உலகப் புகழ் பெற்றது.

1927இல் வெளிவந்த 'விங்ஸ்' என்ற விமானப் போர்ப்படத்தில் அவர் தோன்றியது சில நிமிடங்கள் மட்டுமே. ஆனால் அந்தச் சில நிமிடங்களே பார்த்தவர்கள் மனதிற் பதிந்துவிட்டன. சிறந்த படத்துக்கான முதலாவது ஒஸ்கார் விருதைப் பெற்றதும் அப்படமே. பேசும்படம் வந்தபோது பல பெரிய நடிகர்கள் குரல் வாய்க்காமல் மறைந்துபோயினர். கூப்பருக்கோ 1929இல் வந்த 'த வேர்ஜினியன்' என்ற பேசும்படம் பெரும் வெற்றியைக் கொடுத்தது. கொஞ்சமாகப் பேசி, கண்ணாலும் மௌனத்தாலும் மிகுதியைச் சொல்லும் அவருடைய பாணி அங்கேதான் உருவாயிற்று. அருகில் நின்று பார்ப்போருக்கு அவர் நடிப்பதாகவே தெரியாது. திரையிலே பார்க்கும்போதுதான் அதன் ஆழம் தெரியும் என்று அவரோடு வேலை செய்தவர்கள் வியந்தனர்.

வெற்றியோடு சோர்வும் வந்தது. ஓய்வில்லாமல் படத்துக்கு மேல் படமாக நடித்ததால் 1931இல் உடலும் மனமும் தளர்ந்து விழுந்தார். வேலையை விட்டு இத்தாலிக்கும் ஆபிரிக்காவுக்கும் சென்று பல மாதங்கள் தங்கித் தேறி வந்தார்.

நல்ல மனிதன் என்ற வேடம்

1933ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் வெறோனிக்கா பால்ப் என்ற இளம்பெண்ணை நியூயோர்க் நகரிலே மணந்தார். அவர் கத்தோலிக்கர், விசுவாசத்தில் உறுதியுள்ளவர். 1937இல் அவர்களுக்கு மரியா என்ற ஒரே மகள் பிறந்தாள். தாயும் மகளும் ஞாயிறு தவறாமல் பூசைக்குச் சென்றனர். தந்தை அதற்குத் தடை சொல்லவில்லை. ஆனால் அவருடைய ஞாயிறுகள் பெரும்பாலும் வெளியிலேயே கழிந்தன.

அக்காலத்தில் அவர் நடித்த படங்கள் அமெரிக்க மக்களுக்கு நல்ல மனிதனின் உருவம் எப்படியிருக்கும் என்பதைக் காட்டின. இத்தாலியின் சிசிலித் தீவிற் பிறந்த பிராங்க் கப்ரா நெறிப்படுத்திய 'மிஸ்டர் டீட்ஸ் கோஸ் டு ரவுன்' 1936இல் வெளிவந்தது. எதிர்பாராமற் கிடைத்த இரண்டு கோடி டொலர் சொத்தை, பொருளாதார வீழ்ச்சியால் நிலமிழந்த விவசாயிகளுக்குப் பகிர்ந்து கொடுக்க முனையும் ஒரு நாட்டுப்புறத்தானின் கதை அது. இத்தகைய படங்களால் கூப்பரின் புகழும் வருமானமும் ஒருங்கே உயர்ந்தன. 1939ஆம் ஆண்டில் நாட்டிலேயே மிகக் கூடிய சம்பளம் பெற்றவர் அவரே என்று அமெரிக்கத் திறைசேரி அறிவித்தது. அந்தத் தொகை 4,82,819 டொலர்.

1941இல் 'சார்ஜன்ட் யோர்க்' வந்தது. அல்வின் யோர்க் என்பவர் டெனசி மாநிலத்து ஏழை விவசாயி. கொலை செய்யாதே என்ற கட்டளைக்கும் நாட்டின் அழைப்புக்கும் இடையில் மனச்சாட்சியோடு போராடி, பின்னர் முதலாம் உலகப்போரிற் பங்குகொண்டு, 1918 ஒக்ரோபரில் சில தோழர்களோடு 132 ஜேர்மன் படையினரைச் சிறைப்பிடித்தவர். நீண்டகாலம் தம் வாழ்க்கையைப் படமாக்க மறுத்து வந்த அவர், சம்மதித்தபோது கூப்பரே தம்மைப் போல நடிக்கவேண்டுமென விரும்பினார். அப்படத்துக்காகக் கூப்பர் முதலாவது ஒஸ்கார் விருதைப் பெற்றார். அதை அவருக்குக் கையளித்தவரும் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டே.

அடுத்த ஆண்டு லூ கெரிக் என்ற பேஸ்போல் வீரராக நடித்தார். தசைகளைச் செயலிழக்கச் செய்யும் தீராத நோயினால் 1941இல் இளவயதில் இறந்தவர் கெரிக். 1943இல் நியூகினி முதலிய பசிபிக் போர்முனைகளுக்குக் கூப்பர் ஐந்து வாரப் பயணம் சென்று, படைவீரர்களை மகிழ்விக்க முயன்றார். ஆடவோ பாடவோ அவருக்கு வராது. ஒருநாள் மழையிலே நனைந்தபடி கூடியிருந்த வீரர்கள், கெரிக்கின் பிரியாவிடை உரையைச் சொல்லும்படி கேட்டனர். சில நிமிடம் தனியே இருந்து நினைவிலிருந்ததை எழுதிக்கொண்டு வந்து சொன்னார். அடுத்த போரில் உயிரோடு இருப்போமா என்று தெரியாத அந்த இளைஞர்கள் அமைதியாகக் கேட்டிருந்தனர். அதன் பின்னர் ஒவ்வொரு முகாமிலும் அதையே கேட்டார்களாம்.

பிரிவு

திரையில் நல்லவர், வாழ்க்கையிலும் அப்படியே இருந்தார் என்று எழுத முடியுமானால் எவ்வளவோ நன்றாயிருக்கும். உண்மை அதுவன்று. மணமாகுமுன்னரும் பின்னரும் அவருடைய பெயர் பல நடிகைகளோடு அடிபட்டது. 1948இல் 'த பவுன்டன்ஹெட்' படத்தில் அவரோடு நடித்த பற்றீசியா நீல் என்ற நடிகைக்கு அப்போது வயது 22, கூப்பருக்கு 47. இருவருக்கும் இடையில் ஏற்பட்ட தொடர்பு வெறும் வதந்தியாக நிற்கவில்லை. 1951 மே மாதத்தில் கூப்பர் மனைவியைச் சட்டப்படி பிரிந்து, வீட்டை விட்டு வெளியேறினார். மகள் மரியாவுக்கு அப்போது பதின்மூன்று வயது.

வெறோனிக்கா விவாகரத்துக்கு இணங்கவில்லை. மகளின் முன் கணவனைப் பழித்துப் பேசி, தந்தைமேல் அவளுக்கு வெறுப்பை ஊட்டவுமில்லை. கதவைத் திறந்தே வைத்திருந்தார், செபித்தார். அக்காலத்துப் பத்திரிகைகளின் ஏளனத்துக்கு நடுவில் இது எளிதான காரியமன்று.

அந்தப் பிரிவின் நாட்களிலேதான், 1951இன் பிற்பகுதியில், அவர் வாழ்நாளிலேயே மிகச் சிறந்த படமாகிய 'ஹை நூன்' எடுக்கப்பட்டது. ஒரு சிற்றூரின் காவல் அதிகாரி அன்று காலைதான் மணமுடித்து வேலையை விட்டுப் புறப்படுகிறார். முன்னர் அவர் சிறைக்கு அனுப்பிய கொலைகாரன் நண்பகற் புகையிரதத்தில் பழிவாங்க வருகிறான் என்ற செய்தி கிடைக்கிறது. ஓடிப்போகாமல் திரும்பி வருகிறார். துணை தேடி ஊரெங்கும் நடக்கிறார். ஞாயிறு வழிபாடு நடக்கும் கோவிலுக்குள்ளும் போய்க் கேட்கிறார். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு சாட்டு. கடைசியில் தனியாகத் தெருவில் நிற்கிறார். புதுமணப்பெண்ணாக நடித்தவர் கிறேஸ் கெலி. பின்னர் மொனாக்கோ நாட்டின் இளவரசியான கத்தோலிக்கப் பெண்மணி.

ஐம்பது வயதான கூப்பருக்கு அப்போது வயிற்றுப்புண்ணும் இடுப்பு நோவும். முகத்துக்குப் பூச்சும் இல்லை. அந்த முகத்திலே தெரிந்த வேதனை நடிப்பு மட்டுமன்று என்பதை நெறியாளர் பிரெட் சினமன் அறிந்திருந்தார். படத்தின் கதாசிரியர் கார்ல் போர்மன் பொதுவுடைமைக் கட்சித் தொடர்பு காரணமாக விசாரணைக்கு அழைக்கப்பட்டு, பலராலும் கைவிடப்பட்டார். கூப்பரோ பொதுவுடைமைக்கு எதிரானவர். 1947இல் அதே விசாரணைக் குழுவின் முன் தாமாகவே சாட்சியளித்தவர். அவ்வேளையிலும் அவர் எவருடைய பெயரையும் காட்டிக்கொடுக்கவில்லை. இப்போது போர்மனுக்கு ஆதரவாக வெளிப்படையாகவே நின்றார். பின்னர் இங்கிலாந்துக்குச் சென்ற போர்மன், நம் நாட்டின் கித்துள்கலையிலே படமாக்கப்பட்ட 'த பிரிட்ஜ் ஒன் த றிவர் குவாய்' படத்தின் கதைவசனத்தை எழுதியவர்களுள் ஒருவர். அவருடைய பெயரைப் போடவும் அந்நாளில் அஞ்சினார்கள்.

'ஹை நூன்' கூப்பருக்கு இரண்டாவது ஒஸ்கார் விருதைக் கொடுத்தது. ஆனால் விருதைக் கொண்டுபோய் வைக்க வீடு இருக்கவில்லை.

திரும்பி வந்த வழி

பற்றீசியா நீலுடனான தொடர்பு முறிந்தது. 1953 யூன் மாதத்தில் மனைவியும் மகளும் கூப்பரும் ஒன்றாக ஐரோப்பாவுக்குப் பயணம் செய்தனர். உரோமையில் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதரைச் சந்திக்கும் பேறு அவர்களுக்குக் கிடைத்தது. ஆசீர்வாதம் பெறுவதற்காக நண்பர்களுக்கென்று செபமாலைகளும் சுருபப் பதக்கங்களும் கைநிறைய வைத்திருந்தார் கூப்பர். பாப்பரசர் அருகில் வந்ததும், நோகின்ற இடுப்போடு முழந்தாளிட முயன்றபோது, அத்தனையும் கைநழுவிக் கலகலவென்று நிலத்தில் விழுந்து சிதறின. உலகமே அறிந்த நாயகன், பாப்பரசரின் காலடியிலே தவழ்ந்து செபமாலை பொறுக்கினார்! இதை மகள் மரியா பிற்காலத்திலும் சிரிப்போடு நினைவுகூர்வதுண்டு.

1954இல் குடும்பம் மீண்டும் ஒரே வீட்டிற் கூடியது. கூப்பர் ஒரே நாளில் மாறிவிடவில்லை. பழைய பலவீனங்கள் அதன் பின்னரும் தலைகாட்டின. ஆனால் சிறிது சிறிதாக, மனைவியோடும் மகளோடும் பெவர்லி ஹில்ஸ் நல்லாயன் ஆலயத்துக்கு ஞாயிறு பூசைக்குச் செல்லத் தொடங்கினார். அங்கு பணியாற்றிய அருட்தந்தை ஹரோல்ட் போர்ட் அவர்களின் பிரசங்கம் அவருக்குப் பிடித்துக்கொண்டது. ஒருநாள் வெறோனிக்கா அக்குருவானவரை வீட்டுக்கு அழைத்தார். சமயம் பற்றிப் பேசுவார்கள் என்று எதிர்பார்த்தால், கூப்பர் அவரைத் தம் துப்பாக்கி அறைக்குக் கூட்டிச் சென்று, வேட்டையும் மீன்பிடியும் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அந்தக் குருவானவர் அவசரப்படவில்லை. கடலிலும் கரையிலுமாகத் தொடர்ந்த அந்த நட்பிலேதான் ஞானோபதேசம் நடந்தது.

1959ஆம் ஆண்டு ஏப்பிரல் 9ஆந் திகதி கேரி கூப்பர் கத்தோலிக்க திருச்சபையிற் சேர்ந்தார். மனைவி இருபத்தைந்து ஆண்டுகளாகக் காத்திருந்த நாள் அது. நோய் வந்ததனால் பயத்திலே மதம் மாறினார் என்று சிலர் எழுதினார்கள். அது தவறு. புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது அதற்கு ஓராண்டு கழித்தே.

கடைசி வேடம்

1960 ஏப்பிரலில் பொஸ்டன் நகர வைத்தியசாலையில் அவருக்குச் சத்திரசிகிச்சை செய்யப்பட்டது. மே மாத இறுதியில் இன்னொன்று. சுகமாகிவிட்டது என்றே எண்ணினார்கள். இலண்டனுக்குச் சென்று தம் கடைசிப் படத்தில் நடித்தார். அமெரிக்க மேற்குப் பிரதேசத்தின் உண்மை வரலாறு பற்றிய ஒரு தொலைக்காட்சிப் படத்துக்குக் குரல் கொடுத்தார். அதற்குள் நோய் உடலெங்கும் பரவி, வைத்தியத்துக்கு அப்பாற்பட்டதாகிவிட்டது.

உண்மை சொல்லப்பட்டபோது அவர் கலங்கவில்லை. இறைவனின் சித்தம் என்று ஏற்றுக்கொண்டார். விருது விழாவின் பின்னர் செய்தி பரவியதும் பாப்பரசர் இருபத்துமூன்றாம் அருளப்பர் செய்தி அனுப்பினார். எலிசபெத் மகாராணியார் அனுப்பினார். ஜனாதிபதி கென்னடி தொலைபேசியில் பேசினார். நெருங்கிய நண்பரான எழுத்தாளர் ஏர்னஸ்ட் ஹெமிங்வேயும் அதே நாட்களில் நோயுற்றுத் துன்பப்பட்டுக்கொண்டிருந்தார். கூப்பர் மறைந்து ஐம்பதாவது நாளில் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார் என்பது மனதை வாட்டும் செய்தி. அவருடைய மனம் எந்த இருளில் அகப்பட்டிருந்தது என்பதை இறைவன் ஒருவரே அறிவார்.

மே 7ஆந் திகதி கூப்பருக்கு அறுபது வயது நிறைந்தது. மே 12ஆந் திகதி வெள்ளிக்கிழமை இறுதித் தேவதிரவிய அனுமானங்களைப் பெற்றார். மறுநாள் சனிக்கிழமை நண்பகல் கடந்து சற்று நேரத்தில், தம் வீட்டிலே, அமைதியாக உயிர்நீத்தார். அன்று மே 13, பாத்திமா அன்னையின் காட்சி நாள்.

நல்லாயன் ஆலயத்தில் மரணத் திருப்பலி நடந்தது. பெட்டியைச் சுமந்தவர்களுள் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டும் ஒருவர். லொஸ் ஏஞ்சல்ஸ் திருச்சிலுவைச் சேமக்காலையில் அடக்கம் செய்யப்பட்ட உடல், 1974இல் நியூயோர்க் மாநிலத்துச் சவுத்தம்டன் நகரின் திரு இருதயச் சேமக்காலைக்கு மாற்றப்பட்டது. அங்கே அவர் கல்லறைமேல் செதுக்கப்படாத ஒரு பெரிய கற்பாறைதான் இருக்கிறது. ஆடம்பரமில்லாத அம்மனிதருக்கு அது பொருத்தமே.

மன்னிப்பின் தொடர்ச்சி

கதை அதோடு முடிந்துவிடவில்லை. பற்றீசியா நீல் பின்னர் எழுத்தாளர் றோல்ட் டாலை மணந்து, ஒரு மகளைச் சின்னமுத்து நோய்க்குப் பறிகொடுத்து, 1965இல் மூளையில் ஏற்பட்ட இரத்தக்கசிவினால் பேச்சும் நடையும் இழந்து, கடும் முயற்சியால் மீண்டெழுந்தவர். இறுதியில் அந்த மணமும் முறிந்தது. தன் தாயின் கண்ணீருக்குக் காரணமாயிருந்த அப்பெண்ணை மரியா கூப்பர் மன்னித்தார், நட்பும் கொண்டார். மனமுடைந்திருந்த அவரைக் கனெக்டிகட் மாநிலத்திலுள்ள றெஜினா லவுடிஸ் பெனடிக்ற் கன்னியர் மடத்துக்குப் போகும்படி வழிகாட்டியவரும் மரியாவே. புகழிலிருந்த காலத்தில் திரையுலகைத் துறந்து 1963இல் அம்மடத்திற் புகுந்த டொலோரஸ் ஹார்ட் என்னும் முன்னாள் நடிகை அங்கே கன்னியராக இருந்தார்.

பற்றீசியா நீல் பல ஆண்டுகள் அம்மடத்துக்குப் போய் வந்து, 2010ஆம் ஆண்டு தம் மரணத்துக்குச் சில மாதங்களுக்கு முன் கத்தோலிக்கரானார். அவருடைய உடல் அந்த மடத்து வளவிலேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறது.

ஒரு மனைவி கதவைப் பூட்டாமல் காத்திருந்தாள். ஒரு குருவானவர் அவசரப்படாமல் மீன்பிடி பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். ஒரு மகள் பகையை மனதில் வைத்திருக்க மறுத்தாள். கேரி கூப்பர் திரையிலே தனித்து நின்று வென்ற வீரர். வாழ்க்கையிலோ அவர் தனியாக வெல்லவில்லை. பிரிவினாலும் மனத்தாங்கலாலும் நொந்திருக்கும் நம் குடும்பங்கள் அவருடைய சரித்திரத்தில் எண்ணிப் பார்க்கவேண்டியது இதைத்தான்.